மங்கும் தூக்கும் போய் பிளாஸ்டிக் வந்த கதை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபொழுது, எந்த அரசனைப் பற்றி எழுதலாம், எந்தப் போரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு என் மேசை மேல் இருந்த ஒரு பொருள் என் மனத்தை மாற்றியது. அது ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அது என் மேசைக்கு எப்படி வந்தது என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில் அதன் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

பிளாஸ்டிக்கின் கதை நம் காட்டிலும் நடந்தது என்றால் நம்புவீர்களா? நாம் ரப்பரைக் 'கித்தா' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'கெத்தா' என்று சொல்வதைத்தான் நம் பாட்டன்மார் கித்தா ஆக்கினார்கள். அந்தக் கெத்தா என்ற சொல்லை வெள்ளைக்காரர்களும் எடுத்துக்கொண்டு 'கட்டாபெர்ச்சா' என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தார்கள். மலாயாக் காட்டிலே தாபான் என்று ஒரு மரம். அதன் பாலைக் கொதிநீரில் போட்டால் மாவுபோல் இளகும். எந்த உருவத்திலும் பிடிக்கலாம். ஆறினால் கெட்டியாகிவிடும். மலாய்க்காரர்கள் அதில் பாராங்கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் வேலை செய்த மாண்ட்கோமரி என்ற டாக்டர் 1843-இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபொழுது, தண்ணீர் புகாமல் அந்தக் கம்பியைச் சுற்றியிருந்தது நம் காட்டு மரத்தின் பால்தான்.

ஆனால் கித்தா மரத்தைப் போல அதைச் சீவிப் பாலெடுத்து விட்டுவைக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். உலகத்துக் கடல்களுக்கெல்லாம் கம்பி வேண்டியிருந்ததால், சில பத்தாண்டுகளிலேயே அந்த மரங்கள் காட்டில் அருகிப் போயின. ஒரு பொருள் வசதியாக இருக்கிறது என்று அளவு தெரியாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம்.

அடுத்து வந்தது மனிதன் ஆலையில் செய்த பிளாஸ்டிக். 1907-இல் பேக்லாந்து என்பவர் அமெரிக்காவில் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். பழைய கறுப்பு டெலிபோன்கள் அதில் செய்தவையே. 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச் என்னும் ஊரில் இரண்டு இரசாயன வல்லுநர்கள் வேறு ஏதோ சோதனை செய்யப் போக, பாத்திரத்தின் அடியில் மெழுகு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலிதீன். இன்று கடையில் நமக்குக் கொடுக்கும் பையின் தாய் அதுதான். கடலடிக் கம்பிகளுக்கு நம் கட்டாபெர்ச்சா செய்த வேலையையும் பிற்பாடு அதுவே பிடித்துக்கொண்டது.

கித்தாவுக்கும் ஒரு போட்டி வந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் தொடங்கியதுதான் நம் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு. நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது அந்த மரம்தான். 1942-இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தவுடன் அமெரிக்காவுக்குக் கித்தா போவது நின்றது. உடனே அவர்கள் ஆலைகளில் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். சண்டை முடிந்த பிறகும் அந்த ஆலைகள் மூடவில்லை. கித்தா விலை விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிளாஸ்டிக்கும் செயற்கை ரப்பரும் பெரும்பாலும் மண்ணெண்ணெய் எடுக்கும் அதே நிலத்தடி எண்ணெயிலிருந்து செய்யப்படுபவை. ஆகவே அவை நம் வீட்டுக்குப் புதியவர்களாக இருக்கலாம், நம் பிழைப்புக்குப் புதியவர்கள் அல்லர்.

இனி நம் லயத்துக்கு வருவோம்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்பொழுது தோளிலே காண்டா வாளி, கையிலே தூக்கு. தூக்கிலே சோறும் கருவாடும் இருக்கும். சின்னப் போத்தலில் தேத்தண்ணி. ஆயாக்கொட்டகையில் விடும் பிள்ளைக்கு ஒரு மங்குக் கோப்பை. அன்றைய சாமான் பட்டியல் அவ்வளவுதான். "சாயங்காலம் திரும்பி வரும்போது எல்லாம் கூட வந்துடும்டா தம்பி, ஒண்ணையும் காட்டுல போட்டுட்டு வரமாட்டோம்" என்பார் பாட்டி.

கடைக்குப் போனால் ரோத்தான் கூடை. (மாணவர்களே, ரோத்தான் என்றதும் பயப்படாதீர்கள், இது கூடை!) அரிசிக்குச் சாக்குப் பை, எண்ணெய்க்கு வீட்டுப் போத்தல். கருவாடும் பருப்பும் பழைய பேப்பரில் சுருட்டிச் சணல் கயிற்றில் கட்டித் தருவார்கள். நாசி லெமாக் வாழை இலையில் வரும். காப்பிக் கடையில் கட்டிக்கொண்டு வரவேண்டுமானால், காலியான பால் டின்னில் காப்பியை ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கொடுப்பார்கள். மாவுச் சாக்குகூட வீணாகாது. அது பிள்ளைக்குக் கால்சட்டையாகும், பிறகு பள்ளிக்கூடப் பையாகும், கடைசியில் அடுப்பங்கரைத் துணியாகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வறுமையின் சிக்கனம். வேறு வழி இல்லாததால் வந்த பழக்கம். ஆனாலும் அந்தச் சிக்கனத்தில் ஒரு அறிவு இருந்தது. வறுமையைத் தூக்கிப் போட்ட நாம், அந்த அறிவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

இன்று நாம் கையில் மாட்டிக்கொண்டு வரும் கைப்பிடி வைத்த பையை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுத் துலின் என்பவர். அதற்கு 1965-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அவர் அந்தப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவாராம். அவர் மகன் இதைச் சொல்லியிருக்கிறார். செய்தவருக்குத் தெரிந்தது, வாங்கிய நமக்குத் தெரியாமல் போனது! 1950-இல் உலகம் முழுவதும் ஓராண்டில் செய்த பிளாஸ்டிக் சுமார் 20 இலட்சம் டன். இன்று ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல். 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது 100-க்கு 9 பங்குதான் என்று ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். மீதியில் சிறு பகுதியை எரித்தார்கள். பெரும்பகுதி குப்பைமேட்டிலும் ஆற்றிலும் கடலிலும் கிடக்கிறது.

நம் நாடு சும்மா இருக்கவில்லை. பினாங்கு மாநிலம் 2009-இல் வாரத்தில் ஒரு நாள் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011-இல் எல்லா நாளும் பைக்கு 20 சென் என்று ஆக்கியது. சிலாங்கூர் 2017-இல் அவ்வழியில் வந்தது. 2030-க்குள் ஒருமுறை பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்கான திட்டத்தை மத்திய அரசாங்கம் 2018-இல் வெளியிட்டது. அதே 2018-இல் சீனா மற்ற நாடுகளின் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியது. அந்தக் குப்பை நம் பக்கம் திரும்பியது. கோலா லங்காட்டில் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில், செம்பனைக் காடுகளுக்கு நடுவே திருட்டு ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரியும் புகையில் மக்கள் மூச்சுத் திணறினார்கள். அவர்கள் சும்மா இருக்காமல் புகார் செய்தார்கள், போராடினார்கள். ஆலைகள் மூடப்பட்டன. 150 கொள்கலன் குப்பை அனுப்பிய நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. சாதாரண ஊர்மக்கள் வாய் திறந்தால் கப்பலும் திரும்பிப் போகும் என்பது இந்தச் சரித்திரத்தில் நமக்குள்ள பெருமை.

சரி, என் மேசை மேல் இருக்கும் கோப்பைக்கு வருகிறேன்.

போன ஆண்டு நம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர், சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. கழுவும் வேலை இருக்கக் கூடாது என்று பிளாஸ்டிக் கோப்பைகளையும் வெள்ளைப் பெட்டிகளையும் நான்தான் வாங்கினேன். கோப்பை மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் இல்லத்தின் பெயரையும் நானே எழுதினேன். விழா முடிந்தது. குப்பையைப் பைகளில் கட்டித் திடலுக்குப் பின்னால் வைத்தோம். நாய் கிழித்தது, காற்று அடித்தது, மழை பெய்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நம் பிள்ளைகள் இரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல். ஒரு பிள்ளை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. சுகாதார இலாகாவினர் வந்து தேடினார்கள். லயத்துக்கும் திடலுக்கும் நடுவே உள்ள கால்வாய் ஓரத்தில், மழைநீர் தேங்கிய கோப்பைகளில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர்கூட வேண்டாம், அடியில் கொஞ்சம் இருந்தாலே போதும். அதிகாரி ஒரு கோப்பையை என் கையில் கொடுத்தார். அதில் என் கையெழுத்தில் 'நீல இல்லம்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கோப்பையில் பிறந்த கொசுதான் அந்தப் பிள்ளையைக் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கழுவிய கோப்பைதான் இன்று என் மேசையில் பேனா வைக்கும் கோப்பையாக இருக்கிறது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இனிமேல் சில்வர் கோப்பை, வாழை இலை என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார். "சார், ஊத்திக் கொடுக்கிறது நீங்க, கழுவுறது நாங்களா? காலையிலே அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறோம்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயம். பிளாஸ்டிக் இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணமே பெண்களின் ஓயாத கைவேலைதான். ஆகவே பள்ளி விழாக்களில் ஆசிரியர்களும் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களும், பையன்களும் சேர்த்துத்தான், கழுவுவது என்று முடிவானது.

அன்பர்களே, பிளாஸ்டிக்கை அடியோடு விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளைக்கு மருந்துத் தண்ணீர் ஏறியதும் பிளாஸ்டிக் குழாயில்தான். பத்து நிமிடம் பயன்படுத்திவிட்டுப் பல தலைமுறைக்கு விட்டுப் போகும் பொருளைத்தான் குறைக்கச் சொல்கிறேன். கடைக்குப் போகையில் ஒரு பை, சாப்பாடு கட்டிவர ஒரு தூக்கு, பிள்ளையின் பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், இந்த மூன்று போதும். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் கோப்பை, டின்களை வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள்.

இன்றைய விழாவில் நீங்கள் குடிக்கும் சர்பத்து சில்வர் கோப்பையில்தான் வரும். குடித்து முடித்ததும் கோப்பையைத் தயவுசெய்து மேடைக்குப் பக்கத்தில் உள்ள தொட்டியில் போடுங்கள். அங்கே கையை மடித்துவிட்டுக்கொண்டு நான் நின்றிருப்பேன்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!