இன்சுலினுக்குப் பின்னும் எஞ்சி நின்ற வினா

குழந்தைகளைத் தாக்கும் முதல் வகை நீரிழிவின் வரலாறு, பொதுவாக 1922 சனவரியோடு நிறைவுற்றதாகவே எழுதப்படுகிறது. டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்குச் சனவரி 11 அன்று செலுத்தப்பட்ட கணையச் சாறு போதிய பயன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு சனவரி 23 முதல் செலுத்தப்பட்டதும் இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதுவரை பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடே இக்குழந்தைகளுக்குரிய மருத்துவமாக இருந்தது. அது சாவைத் தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை. தாம்சனோ மேலும் 13 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தான்.

ஆயினும், இன்சுலின் சுரக்கும் செல்கள் ஒரு குழந்தையின் உடலில் ஏன் அழிகின்றன என்னும் வினாவுக்கு இன்சுலின் விடையாகவில்லை. அவ்விடைக்கான தடயம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1902இல் ஜெர்மானிய நோயியலாளர் மார்ட்டின் பென்னோ ஷ்மிட், நீரிழிவால் இறந்த பத்து வயதுக் குழந்தையின் கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை ஒட்டி அழற்சிச் செல்கள் திரண்டிருந்ததைப் பதிவு செய்தார். 1940இல் சுவிஸ் நோயியலாளர் வான் மேயன்பர்க் இதற்கு ‘இன்சுலைட்டிஸ்’ எனப் பெயரிட்டார். எனினும் இது அரிய காட்சியாகவே கருதப்பட்டது.

இப்புறக்கணிப்புக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். திரண்டிருந்த நிணநீர்ச் செல்கள் உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையானவை என்பது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. மற்றொன்று முரண்நகையானது: இன்சுலினால் பிழைத்த குழந்தைகள் பல ஆண்டுகள் கழித்து இறந்தபோது, அவர்களது கணையத்தில் அழிவு முடிந்து அழற்சியின் சுவடும் மறைந்திருந்தது. உயிர்காத்த மருந்தே சான்றையும் மறைத்தது.

1965இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே இறந்த 22 பேரின் கணையங்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். அவர்களுள் 15 பேரிடம் அவ்வழற்சி காணப்பட்டது. 1974இல் லண்டனில் பொட்டாட்சோ, ஃப்ளோரின்-கிறிஸ்டென்சன், டோனியாக் ஆகியோர் திட்டுச் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்தனர். இது தன்னுடல் தாக்குநோய் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. இறந்தோரின் திசுவில் மட்டும் தேடப்பட்ட சான்று, உயிரோடிருக்கும் குழந்தையின் இரத்தத்தில், அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காணக்கூடியதாயிற்று.

இதன் பயன் 2019இல் வெளிப்பட்டது. இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 76 பேரிடம் டெப்லிசுமாப் மருந்து சோதிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிறார். மருந்து பெற்றோரிடம் நோய்த் தொடக்கம் இடைநிலை அளவில் ஏறத்தாழ ஈராண்டுகள் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. இம்மருந்தும் நோயைத் தள்ளிப்போடுகிறதேயன்றித் தடுக்கவில்லை. ஆனால் இம்முறை தள்ளிப்போவது சாவன்று. ஊசியோடு வாழவேண்டிய வாழ்வின் தொடக்கம்.

ஷ்மிட்டின் பதிவிலிருந்து லண்டன் ஆய்வுவரை 72 ஆண்டுகள். சான்று கண்முன் இருந்தும், அதைப் பொருள்கொள்ளும் கருத்தாக்கம் பிறக்கும்வரை அறிவியல் காத்திருக்க நேர்ந்தது. மருத்துவ வரலாற்றை வெற்றி நாள்களின் வரிசையாக மட்டும் எழுதினால் இக்காத்திருப்பு கண்ணில் படாது. நோய்க்காரணத்தைத் தம் உடலால் உணர்த்திச் சென்ற, பெயரறியாக் குழந்தைகளும் கண்ணில் படமாட்டார்கள்.