வான்குடை உலோகப் பாகச் சோதனை

வான்குடை உலோகப் பாகச் சோதனை என்பது, வான்குடையின் வார்களையும் கயிறுகளையும் உறையையும் இணைக்கும் வளையங்கள், கொக்கிகள், ஊசிகள் முதலியவற்றை ஆராய்ந்து சீர்செய்யும் பணியாகும். இவற்றைப் பொருத்தும் கருவிகளைப் பேணுவதும் இதில் அடங்கும். இப்பணியைச் செய்பவர் ரிக்கர் என அழைக்கப்படுகின்றார். ஐக்கிய அமெரிக்காவில் நடுவண் வான்போக்குவரத்து நிர்வாகம் இவருக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அந்நாட்டு விதிகளின்படி, நைலான் போன்ற செயற்கை இழைகளாலான காப்பு வான்குடை, பயன்படுத்தப்படும் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் ரிக்கரால் பொதியப்பட்டிருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் இறுதி வரை இக்கால எல்லை 120 நாட்களாக இருந்தது. முதன்மை வான்குடை சரியாக விரியாதபோது குதிப்பவருக்கு எஞ்சியிருப்பது காப்பு வான்குடை மட்டுமே என்பதால் இவ்விதி கண்டிப்பானது.

உலோகப் பாகங்கள்

எஃகு வளையம் முறிவது அரிது. ஆனால் அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பிசிறு, அதன்மீது உராயும் நைலான் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். எனவே ரிக்கர் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. மெல்லிய நைலான் துணியை வளையத்தின் மீது தேய்த்துப் பார்க்கின்றார். துணியில் இழை சிக்கினால் அங்கே பிசிறு உள்ளது.

பழைய கொக்கிகள் பெரும்பாலும் காட்மியம் முலாம் பூசப்பட்ட எஃகாலானவை. முலாம் தேய்ந்த இடத்தில் துரு தோன்றும். துரு வாரிலும் கறையாகப் படியும். காட்மியத் தூள் நச்சுத்தன்மை உடையது. ஆகவே இவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. வலுமிக்க எஃகுக்கு முறையின்றி மறுமுலாம் பூசினால் ஐதரசன் உட்புகுந்து எஃகை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். அவ்வாறான பாகம் முன்னறிகுறி ஏதுமின்றி வெடிக்கக்கூடும். இதனால் அரிக்கப்பட்ட பாகத்தை மாற்றிவிடுவதே நல்லது. துருப்பிடிக்காத எஃகு இச்சிக்கலைத் தீர்த்தாலும், வழுவழுப்பான சில கால்வார்க் கொக்கிகளில் வார் மெல்ல நழுவுவதும் காணப்பட்டுள்ளது.

தொங்கு கயிறுகளைத் தூக்கு வார்களுடன் இணைக்கும் திருகு வளையங்களில் கூடுதல் கவனம் தேவை. பொதுவான நடைமுறையில், திருகுக் குழலை விரலால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று மட்டுமே திருப்புவர். அளவுக்கு மீறி இறுக்கினால் குழலில் வெடிப்பு ஏற்படும். திருகு பின்னர் நகர்ந்ததா என்பதை அறிய, குழலும் வளையமும் சேரும் இடத்தில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைக்கப்படுவதுண்டு. எளிய முறைதான், ஆயினும் பொட்டு பிளந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

மூவளைய விடுவிப்பு அமைப்பு

பில் பூத் என்பவர் 1970களில் வடிவமைத்த இவ்வமைப்பு, பழுதான முதன்மை வான்குடையைக் கழற்றிவிடப் பயன்படுகின்றது. ஒன்றினுள் ஒன்றாகக் கோக்கப்பட்ட மூன்று வளையங்களும் நெம்புகோல்களாகச் செயற்பட்டு, குதிப்பவரின் எடையால் ஏற்படும் இழுவிசையைப் படிப்படியாகக் குறைக்கின்றன. இறுதியில் உள்ள துணிக் கண்ணிக்கு அவ்விசையின் சிறு பகுதியே வந்து சேரும். அக்கண்ணியினூடே செல்லும் கம்பியை இழுத்தால் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபடும். நெடுநாள் கழற்றப்படாதிருந்தால் வார் வளைந்த வடிவிலேயே விறைத்துவிடும். கம்பியில் அழுக்குப் படிந்தால் இழுப்பது கடினமாகும். எனவே மாதத்திற்கு ஒருமுறை இவ்வமைப்பைக் கழற்றி, வாரை வளைத்து நெகிழ்த்தி, கம்பியைத் துடைத்து, உற்பத்தியாளர் கூறும் மசகு இடப்படுகின்றது.

கருவிகளைப் பேணல்

கருவியின் குறை வான்குடைக்கும் சென்று சேரும். கண்வளையம் பதிக்கும் அச்சு தேய்ந்திருந்தால் வளையத்தின் விளிம்பு கூராக அமையும். அது உறையை மூடும் கண்ணியை நாளடைவில் அறுக்கும். பொதியும் மட்டையின் விளிம்பு மழுங்கலாகவும் வழுவழுப்பாகவும் இருத்தல் வேண்டும். நாடாக்களை வெட்டும் சூட்டுக்கத்தியில் உருகிய நைலான் படிந்தால் வெட்டு சீராக விழாது. அதனைப் பித்தளைத் தூரிகையால் நீக்குவர். தையல் இயந்திர ஊசியின் முனை மழுங்கினால் தைக்கும்போதே இழைகள் அறுபடும்.

காப்பு வான்குடையின் திறப்புக் கம்பியை இழுக்கத் தேவைப்படும் விசை 22 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்கு, மேற்படக்கூடாது. இதனை அளக்கும் சுருள்வில் தராசு பிழைபட்டிருந்தால் அளவீட்டினால் பயனில்லை. ஆகவே தராசையும் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் ஆபத்தானது, கருவி ஒன்று உறையினுள்ளே தங்கிவிடுவதாகும். பொதியும்போது கண்ணியைப் பிடித்து நிறுத்தும் தற்காலிக ஊசி எடுக்கப்படாவிடில், திறப்புக் கம்பியை இழுத்தாலும் உறை திறவாது. இதற்காகவே அவ்வூசியில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நீண்ட நாடா கட்டப்படுகின்றது. பொதிவதற்கு முன்னும் முத்திரையிடுவதற்கு முன்னும் ரிக்கர் கருவிகளை எண்ணுகின்றார். எண்ணிக்கை குறைந்தால், தொலைந்த கருவி மேசைக்கடியில் கிடக்கலாம் என்று விட்டுவிடாமல், அது கிடைக்கும் வரை தேடுவார். கிடைக்காவிடில் பொதியை முழுவதும் பிரிப்பார்.

முத்திரையும் பதிவும்

பணி முடிந்தபின் மூடு ஊசியில் சிவப்பு நூல் கட்டி, ரிக்கரின் அடையாளம் பொறித்த ஈய முத்திரை இடப்படுகின்றது. முத்திரைக் குறட்டில் ஈயத்துகள் ஒட்டியிருந்தால் அடையாளம் தெளிவாகப் பதியாது. பொதிந்த நாள், இடம், சான்றிதழ் எண் முதலியன வான்குடையுடன் வைக்கப்படும் அட்டையில் எழுதிக் கையொப்பமிடப்படும். ரிக்கரும் தம் பதிவேட்டை 2 ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும்.