ஏதுமில்லை என்பதும் ஒரு பதில்தான்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'நேஆன்' என்ற சொல் தெரியும். படிவத்தில் எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. நேஆன், அதாவது ஏதுமில்லை என்று எழுத வேண்டும். அரசு வேலைக்கு வந்தபின் அதையே 'நில் ரிப்போர்ட்' என்றோம். 'ஏதுமில்லை' என்று எழுதி வந்த தாளைக் கோப்பில் சேர்க்கலாம். வராத தாளுக்கோ நினைவூட்டு அனுப்ப வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

ஓய்வுக்குப் பின் கணினி மொழிகளின் வரலாற்றைப் படித்தபோது, இதே வேற்றுமை அங்கும் பெரிய விஷயமாக இருந்ததைக் கண்டேன்.

1966-ஆம் ஆண்டுத் தரத்தையொட்டிய ஃபோர்ட்ரான் பலவற்றில், 'இத்தனை தடவை செய்' என்ற கட்டளை, எண்ணிக்கை பூஜ்யமானாலும் ஒரு தடவை ஓடிவிடும். ஆளே இல்லாத சம்பளப் பட்டியலுக்கு ஒரு சம்பளம் போட்ட கதைதான்! ஃபோர்ட்ரான் 77 தரம் இதை மாற்றியது. முதலில் சோதனை, பிறகே வேலை.

1965-இல் டோனி ஹோர், ஆல்கால் டபிள்யூ மொழியில் 'நல்' என்பதைக் கொண்டுவந்தார். எந்தப் பொருளையும் சுட்டாத சுட்டி அது. நம் கணக்கில் வராத தாள். 2009-இல் அவரே அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார்.

1970-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய க்ளூ மொழியில் இட்டரேட்டர் வந்தது. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் எழுத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வெறுமையானால் எதுவும் கொடுக்காமல் வேலையை முடித்துக்கொள்வார்.

1998-இல் ஜாவா 1.2-இலும் இட்டரேட்டர் வந்தது. 'அடுத்தது உண்டா?' என்று கேட்டு, உண்டென்றால் வாங்கிக்கொள்வது முறை. வெறும் பட்டியலில் முதல் கேள்விக்கே 'இல்லை' என்று பதில் வரும், பாதகமில்லை. கேட்காமலே 'கொடு' என்றால் பிழை எழும். பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் நல் இருந்தாலோ, கேட்பதற்கே ஆளில்லை, அங்கும் பிழைதான். 2011-இல் வந்த ஜாவா 7, வெறும் இட்டரேட்டர் ஒன்றைத் தயாராகவே தந்தது. அதுதான் கணினியின் நேஆன்.

இது வெறும் எழுத்தர் பிடிவாதம் அல்ல. மழைக்காலத்தில் ஒரு கிராமத்திலிருந்து 'காலரா: ஏதுமில்லை' என்று அறிக்கை வந்தால் நிம்மதி. அறிக்கையே வராத கிராமத்தையும் அதே வரிசையில் சேர்த்தால், நோயாளிகள் கிடந்தாலும் மருந்து போகாது. இப்போது அந்தப் பட்டியலைக் கணினிதான் படிக்கிறது. அதற்கும் இந்த வேற்றுமையை யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.