மூன்று பேர், ஒரு இசைத்தட்டு

அல்பாயுசில் முடிந்த இயக்கங்களைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் இருந்துவருகிறது. சில இதழ்களோடு நின்றுவிட்ட பத்திரிகை, ஒரே தொகுப்போடு மௌனமாகிவிட்ட கவி என்றால் மரியாதை தானாகவே கூடிவிடுகிறது. நின்றுபோனதே சாதனை என்பதுபோலப் பேசுகிறோம். இதைப் பரிசீலிக்க இலக்கியத்துக்கு வெளியேயிருந்து ஒரு உதாரணம் உதவும். யங் மார்பிள் ஜயன்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1978-ல் சேர்ந்தது. 1980 கடைசியில் அமெரிக்கப் பயணம் போய் வந்த கொஞ்ச நாளில் கலைந்துவிட்டது. அது விட்டுச்சென்றது ‘கொலோசல் யூத்’ என்ற ஒரே நெடுந்தட்டு, இரண்டு சிறு தட்டுகள், சில உதிரிப் பதிவுகள்.

குழுவின் ஊர் வேல்ஸைச் சேர்ந்த கார்டிஃப். ஒரு காலத்தில் உலகின் பெரிய நிலக்கரித் துறைமுகங்களில் ஒன்று. குழு தோன்றிய 1978-ல்தான் அங்கே ஈஸ்ட் மூர்ஸ் உருக்காலையை மூடினார்கள். இசை வியாபாரம், பத்திரிகை, வானொலி எல்லாம் லண்டனில் இருக்க, இவர்கள் ஒதுங்கிய ஊரில் இருந்தார்கள். ஸ்டூவர்ட் மோக்ஸம் கிதார் வாசித்தார்; பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. தம்பி பிலிப் பேஸ் கிதார். பாடியவர் அலிசன் ஸ்டாட்டன். டிரம் அடிக்க ஆள் இல்லை. இயந்திரத் தாளத்தைக் காசெட்டில் பதிந்துகொண்டு மேடையில் ஓடவிட்டார்கள்.

1976, 77-ல் பிரிட்டனில் எழுந்த பங்க் இசை இரைச்சலையே எதிர்ப்பாகக் கொண்டது. அது திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் இவர்களும் வந்தார்கள். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். ஸ்டூவர்ட் உள்ளங்கையைத் தந்தியின்மேல் பதித்துக்கொண்டு மீட்டுவார். நாதம் எழுந்தவுடனே அடங்கிவிடும். பாட்டின் மெட்டைப் பல இடங்களில் தாங்குவது பேஸ் கிதார்தான். அலிசனின் குரலில் குழைவு இல்லை, உச்சஸ்தாயி இல்லை. அடுத்த அறையில் ஏதோ வேலையாக இருக்கும் ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல் இருக்கிறது. சந்தத்தையும் மேடைக் குரலையும் விட்டுவிட்டு எழுதத் தொடங்கிய புதுக்கவிதையைப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. விட்டுவிட்டவை என்னென்ன என்பதைக் கேட்பவன் ஒவ்வொரு கணமும் உணர்கிறான்.

1980-ல் வந்த ‘ஃபைனல் டே’ இந்தச் சிக்கனத்தின் உச்சம். அணு யுத்தத்தின் கடைசி நாளைப் பற்றிய பாட்டு. இரண்டு நிமிஷம்கூட ஓடாது. அடியில் ஒரே ஒரு ஸ்வரம் அறாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ஏவுகணைகளைப் பிரிட்டனில் நிறுத்த முடிவாகியிருந்த வேளை. அணுகுண்டு விழுந்தால் வீட்டில் எப்படிப் பதுங்குவது என்று அரசாங்கமே கையேடு போட்ட வருஷம். ஓலமிட்டுப் பாடியிருக்க வேண்டிய விஷயத்தை அவர்கள் செய்தி படிப்பதுபோலச் சொன்னார்கள். பயம் கேட்பவனிடம் விடப்பட்டது.

இத்தகைய இசையை எந்தப் பெரிய கம்பெனியும் எடுத்திராது. ‘இண்டி’ என்ற சொல்லை இன்று ஒருவகை ஓசைக்குப் பெயராக வழங்குகிறார்கள். அன்று அது விநியோகம் பற்றிய சொல். பெரிய கம்பெனிகளின் வலைக்கு வெளியே தயாராகி விற்கும் தட்டு என்பதே பொருள். 1977 ஜனவரியில் பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு கடன் வாங்கித் தானே ஒரு தட்டுப் போட்டு விற்றுக் காட்டியது. அடுத்த வருஷம் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு, தன் தட்டின் உறையிலேயே தயாரிப்புச் செலவைப் பைசா கணக்காக அச்சிட்டது. அடுத்தவன் தைரியமாக இறங்கலாம் என்பதற்காக. 1976-ல் லண்டனில் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், 1978-ல் தட்டு வெளியீட்டிலும் இறங்கி, செலவு போக லாபத்தைக் கலைஞர்களோடு பாதிக்குப் பாதி பகிர்ந்தது. கார்டிஃப் குழுக்களின் ஒரு தொகுப்புத் தட்டின் மூலம் இந்த மூவரும் அதன் கவனத்துக்கு வந்தார்கள். வேல்ஸின் நாட்டுப்புறத்து ஸ்டூடியோ ஒன்றில் சில நாட்களில் பதிவு முடிந்தது. 1980 தொடக்கத்தில் தட்டு வெளிவந்தது.

இதை ஏற்காட்டிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். சேர்வராயன் மலையடிவாரத்து அந்த ஊரிலிருந்து 1968-ல் ‘நடை’ வந்தது. சி. மணியும் நண்பர்களும் நடத்திய காலாண்டிதழ். எட்டு இதழ், 1970-ல் முடிந்தது. ஞானக்கூத்தனின் ஆரம்பக் கவிதைகளுக்கும் ந. முத்துசாமியின் நாடகத்துக்கும் இடம் தந்தது அதுதான். மரபை உதறுகிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், யாப்பைப் பற்றி ஒரு தனி இணைப்பே போட்டார்கள். சென்னை அல்லாத ஊர், சொந்தக் கைக்காசு, சிலரே வாசகர், கொஞ்ச காலம்: கார்டிஃபுக்கும் சேலத்துக்கும் இவ்வளவு பொருத்தம் உண்டு. பொருத்தம் முடிகிற இடம்தான் முக்கியம்.

அந்தக் குழு கலைந்ததில் லட்சியம் ஒன்றும் இல்லை. பயணக் களைப்பும் ஒருவருக்கொருவர் உரசலுமே காரணம். உச்சத்தில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. பிரிந்தபின் ஸ்டூவர்ட் ‘தி ஜிஸ்ட்’ என்றும், அலிசன் ‘வீக்எண்ட்’ என்றும் வேறு குழுக்கள் நடத்தினார்கள். அவர்களுக்குச் சொல்ல இன்னும் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

தட்டு பிழைத்ததற்கும் அதன் அற்பாயுள் காரணமல்ல. மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. கடைக்காரர்கள் பட்டியலிலிருந்து அதை எடுக்கவில்லை. 1991-ல் ரஃப் டிரேடின் விநியோக ஸ்தாபனம் நொடித்துப்போனபோதும் பதிவு அதோடு புதைந்துவிடவில்லை. வேறு கம்பெனிகள் மறுபடி மறுபடி வெளியிட்டன; 2007-ல் டொமினோ கம்பெனி உதிரிகளையும் சேர்த்து முழுத் தொகுதியாகக் கொண்டுவந்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த தட்டுகளின் பட்டியலில் இதைக் குறித்துவைத்தார். ஹோல் குழு 1994-ல் இதன் பாட்டொன்றைத் தன் தட்டில் பாடியது. முதலில் வந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் யாரோ விடாமல் விற்றுக்கொண்டும் எடுத்துவைத்துக்கொண்டும் இருந்தார்கள் என்று அர்த்தம்.

நம் பத்திரிகைகள் பலவற்றின் முழு வரிசை பிழைத்தது தனிமனிதர்களின் பீரோக்களிலும், ரோஜா முத்தையா நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா போன்ற இரண்டொரு இடங்களிலும்தான். எழுதியவர்களுக்கு அச்சிடத் தெரிந்திருந்தது, சேர்த்துவைக்கத் தோன்றவில்லை. சேர்த்துவைப்பது குமாஸ்தா வேலை, படைப்பாளியின் வேலையல்ல என்ற அலட்சியம் அதற்குள் இருந்தது. அந்த அலட்சியத்துக்குத்தான் பிற்பாடு தியாகம் என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

எவ்வளவு நாள் நடந்தது என்பதைக் கொண்டு ஒரு முயற்சியை மதிப்பிட முடியாது, நீண்டாலும் சரி, குறுகினாலும் சரி. இருபது வருஷம் கழித்து வருகிறவன் கையில் அது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த பத்திரிகைக்குப் பணம் திரட்டும் நண்பர்கள், நின்றுபோன பத்திரிகையின் ஒரு முழு வரிசையைப் பைண்டு செய்து வைக்கவும் அதில் கொஞ்சம் ஒதுக்கட்டும்.