இட்டானியம் செயலியும் மென்பொருள் நிறுவனங்களின் ஆதரவும்

இட்டானியம் என்பது இன்டெல் நிறுவனமும் எச்பி எனப்படும் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 64-பிட் நுண்செயலிக் குடும்பம் ஆகும். பெரிய வழங்கிக் கணினிகளுக்காக வடிவமைக்கப்பட்ட இது, 2001 ஜூன் முதல் 2021 ஜூலை வரை விற்பனையில் இருந்தது. தரவு மையத்திற்கான செயலியைத் தேர்ந்தெடுப்பதில் அதன் வேகத்தை விட, அதில் இயங்கும் மென்பொருளைத் தொடர்ந்து தருவோம் என்று மென்பொருள் நிறுவனங்கள் அளிக்கும் உறுதியே முன்னிற்கும் என்பதற்கு இச்செயலியின் வரலாறு தெளிவான சான்றாகும்.

செயலியும் மென்பொருளும்

ஒவ்வொரு செயலிக் குடும்பத்திற்கும் தனக்கே உரிய ஆணைத் தொகுதி உண்டு. ஒரு குடும்பத்திற்காகத் தொகுக்கப்பட்ட நிரல் மற்றொன்றில் நேரடியாக இயங்காது. மூல நிரலை வைத்திருப்பவர் அதனைப் புதிய செயலிக்காக மீண்டும் தொகுக்க வேண்டும். பின்னர் சோதிக்க வேண்டும். அதன் பின்னர் ஆண்டுதோறும் பிழைதிருத்தங்களை வெளியிட வேண்டும். வணிகத் தரவுத்தளம் போன்ற மென்பொருள்களின் மூல நிரல் வாடிக்கையாளரிடம் இருப்பதில்லை. எனவே அதனை விற்ற நிறுவனம் ஒரு செயலியைக் கைவிட்டால், அச்செயலியை வாங்கிய வாடிக்கையாளர் பழைய பதிப்புடன் நின்றுவிட நேரும். அல்லது வன்பொருளையே மாற்ற நேரும்.

இட்டானியத்தில் இச்சிக்கல் வழக்கத்தை விடக் கூடுதலாக இருந்தது. எந்தெந்த ஆணைகளை ஒரே நேரத்தில் இயக்கலாம் என்பதை மற்ற செயலிகள் இயங்கும்போதே தாமாகத் தீர்மானிக்கின்றன. இட்டானியமோ அப்பொறுப்பின் பெரும்பகுதியை நிரலைத் தொகுக்கும் தொகுப்பியிடம் ஒப்படைத்தது. தொகுப்பியும் அதனைப் பயன்படுத்தும் நிறுவனமும் உழைத்தால் மட்டுமே செயலியின் திறன் வெளிப்படும். ஏற்கெனவே இருந்த எக்ஸ்86 நிரல்களும் இதில் இயங்கின, ஆனால் மிக மெதுவாக.

2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் செயலியை வெளியிட்டது. அது 64-பிட் வசதியைத் தந்ததோடு பழைய 32-பிட் மென்பொருள்களையும் மாற்றமின்றி முழு வேகத்தில் இயக்கியது. மைக்ரோசாப்ட் இதற்கு ஆதரவளித்தது. 2004இல் இன்டெல்லும் அதே ஆணைத் தொகுதியைத் தன் எக்ஸ்86 செயலிகளில் சேர்த்தது. இட்டானியத்திற்குப் போட்டி அதன் தாய் வீட்டிலேயே பிறந்தது எனலாம்.

கூட்டணியும் விலகல்களும்

மென்பொருள் நிறுவனங்களை ஈர்ப்பதற்காக 2005இல் இட்டானியம் தீர்வுகள் கூட்டணி அமைக்கப்பட்டது. அப்பத்தாண்டு முடிவதற்குள் 1000 கோடி டாலர் முதலீடு செய்யப்படும் என அடுத்த ஆண்டு அது அறிவித்தது. எனினும் 2009 டிசம்பரில் ரெட் ஹாட் நிறுவனம் தனது லினக்சின் ஆறாம் பதிப்பு இட்டானியத்தில் வராது என்றது. 2010 ஏப்ரலில் மைக்ரோசாப்ட், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பே இச்செயலிக்கான கடைசிப் பதிப்பு என்று கூறியது. எஞ்சியிருந்தவற்றுள் முதன்மையானவை எச்பியின் எச்பி-யூஎக்ஸ் உள்ளிட்ட இயங்குதளங்கள் ஆகும். அவற்றை வாங்கிய பலரும் ஆரக்கிள் தரவுத்தளத்தை இயக்குவதற்காகவே வாங்கினர்.

உரிமக் கணக்கு

ஆரக்கிள் தரவுத்தளத்தின் உரிமம் கணினிக்கு ஒன்று என்று விற்கப்படுவதில்லை. செயலியிலுள்ள கோர்களின் எண்ணிக்கையை, அச்செயலி வகைக்கு ஆரக்கிள் நிர்ணயித்த காரணியால் பெருக்கி வரும் எண்ணே தேவைப்படும் உரிமங்களின் எண்ணிக்கை ஆகும். 2010 டிசம்பர் 1 முதல் வாங்கப்படும் 9300 வரிசை இட்டானியம் வழங்கிகளுக்கு இக்காரணி 0.5இலிருந்து 1.0 ஆக உயர்த்தப்பட்டது. இன்டெல்லின் சியான் செயலிக்கு அது 0.5 ஆகவே இருந்தது.

எடுத்துக்காட்டாக, நான்கு கோர்கள் கொண்ட செயலிகள் இரண்டு உள்ள ஒரு வழங்கியைக் கொள்வோம். மொத்தம் 8 கோர்கள். முன்பு 4 உரிமங்கள் போதும். புதிய காரணியின்படி 8 தேவை. நிறுவனப் பதிப்பின் பட்டியல் விலை உரிமத்திற்கு 47,500 டாலர் எனக் கொண்டால், செலவு 1,90,000 டாலரிலிருந்து 3,80,000 டாலராகிறது. வன்பொருளில் ஓர் ஆணி கூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் ஆரக்கிள் தானும் வழங்கி விற்பனையாளராகி, எச்பியின் போட்டியாளராக மாறியிருந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆரக்கிள் வழக்கு

2011 மார்ச் 22 அன்று, இட்டானியத்திற்கான மென்பொருள் உருவாக்கம் அனைத்தையும் நிறுத்துவதாக ஆரக்கிள் அறிவித்தது. இன்டெல் எக்ஸ்86 மீதே கவனம் செலுத்துகிறது, இட்டானியம் முடிவை நெருங்குகிறது என்பது அது கூறிய காரணம். இன்டெல் இதனை மறுத்து, செயலி தொடரும் என்றது.

அதே ஆண்டு ஜூனில் எச்பி கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கின் அடிப்படை சற்று விந்தையானது. எச்பியின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த மார்க் ஹர்ட் 2010 ஆகஸ்டில் பதவி விலகி, அடுத்த மாதமே ஆரக்கிளில் சேர்ந்தார். அதனால் எழுந்த பூசலை முடிக்க இரு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஆரக்கிள் தன் மென்பொருள்களை எச்பி தளங்களில் முன்போலவே தொடர்ந்து அளிக்கும் என்னும் பொருளில் ஒரு பத்தி இருந்தது. அது நட்பைப் பறைசாற்றும் சொற்கள் மட்டுமே என்றது ஆரக்கிள். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றது எச்பி.

2012 ஆகஸ்டில் நீதிபதி ஜேம்ஸ் கிளைன்பெர்க் எச்பிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். எச்பி இட்டானியம் வழங்கிகளை விற்கும் வரை ஆரக்கிள் தன் மென்பொருள்களைக் கட்டணமின்றி அதற்கு மாற்றித்தர வேண்டும் என்பது தீர்ப்பு. 2016 ஜூன் 30 அன்று ஜூரி குழு சுமார் 300 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில் 2021இல் இது உறுதி செய்யப்பட்டது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

வழக்கின்போது வெளியான ஆவணங்கள் ஆரக்கிளின் வாதத்திற்கும் ஓரளவு வலுச்சேர்த்தன. இட்டானியத்தைத் தொடர்ந்து உற்பத்தி செய்வதற்காக எச்பி இன்டெல்லுக்குப் பணம் செலுத்தி வந்தது. 2008இல் செய்த ஒப்பந்தம் 44 கோடி டாலருக்கும், 2010இல் செய்த அடுத்த ஒப்பந்தம் 25 கோடி டாலருக்கும் ஆனவை. வாங்குபவர்கள் இவ்விவரத்தை அப்போது அறிந்திருக்கவில்லை. செயலியின் எதிர்காலத்தை நம்பிப் பல ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட தரவு மையங்களுக்கு, ஆரக்கிளின் அறிவிப்பை விட இதுவே முக்கியமான செய்தி என்று கருத இடமுண்டு.

பிற்காலம்

தீர்ப்பினால் மென்பொருள் வந்தது; வாங்குபவர்கள் திரும்பவில்லை. இட்டானியத்தின் இறுதி வரிசை 2017இல் வெளியானது. 2021 ஜூலை 29 கடைசி அனுப்பீட்டு நாளாக அமைந்தது. 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் கருனி 6.7 பதிப்பில் இட்டானியம் ஆதரவு நீக்கப்பட்டது. எச்பியின் நான்ஸ்டாப், ஓப்பன்விஎம்எஸ் ஆகிய இயங்குதளங்கள் எக்ஸ்86 செயலிகளுக்கு மாற்றப்பட்டன, எச்பி-யூஎக்ஸ் மாற்றப்படவில்லை.

ஆரக்கிள் பின்னர் ஆர்ம் வகைச் செயலிகளை உருவாக்கும் ஆம்பியர் நிறுவனத்தில் முதலீடு செய்தது. 2023 ஜூனில் தன் தரவுத்தளத்தின் 19சி பதிப்பை அச்செயலிகளுக்கும் வெளியிட்டது. ஆம்பியர் ஆல்ட்ரா செயலிக்கு அது நிர்ணயித்த உரிமக் காரணி 0.25 ஆகும்.