பெரியாறு: ஒரு எண்ணும் ஒரு சிலையும்

பெரியாற்று அணை குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வரலாறு அல்ல, தலபுராணம். பஞ்சம் வருகிறது, ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் மனம் இரங்குகிறார், பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துப் போகிறது, அரசு கைவிரிக்கிறது, அவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தை விற்றுப் பணத்தோடு திரும்புகிறார், தண்ணீர் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எனக்கு இது பால்குடியோடு வந்த கதை. ‘அந்தப் புண்ணியவான் இல்லேன்னா நமக்கேது சோறு’ என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்த நாள், பொங்கலோடு சேர்ந்துகொள்வதால் அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம், 2022இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் சிலை.

மக்களின் நன்றியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் சொத்து விற்ற கதைக்கு ஆவண ஆதாரம் எதையும் இதுவரை யாரும் முன்வைத்ததில்லை. அணை சென்னை மாகாண அரசின் பணத்தில், அதாவது வரி கட்டிய குடியானவனின் பணத்தில் கட்டப்பட்டது. அப்படியிருக்க இந்தக் கதைக்கு என்ன தேவை இருந்தது? ஒரு தனிமனிதத் தியாகத்தை நடுவில் நிறுத்திவிட்டால் மற்ற கணக்குகளைக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்ற கணக்குகளில் முதலாவது, யோசனை யாருடையது என்பது. மேற்கே ஓடிக் கடலில் விழும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்பதை ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். பணமில்லாமல் நின்றுபோனது. 1795இல் கம்பெனி சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறையில் அடைத்தது; 1809இல் சிறையிலேயே அவர் இறந்தார். அதற்கு ஓராண்டு முன்னால்தான், 1808இல், கம்பெனியின் கால்டுவெல் (நம்ம திருநெல்வேலி பிஷப் இல்லை, இவர் படைப்பொறியாளர்) மலையேறிப் பார்த்துவிட்டு இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை காய்ச்சலால் நின்றது. 1860களில் ரைவ்ஸ் மண் அணைக்குத் திட்டம் போட்டார். 1876-78 பெரும் பஞ்சம் வந்து பிணங்கள் விழுந்த பிறகே அரசாங்கத்துக்கு அவசரம் பிறந்தது. 1882இல் பென்னிகுயிக் திட்டத்தைத் திருத்தி எழுதினார். இன்னொரு முரணும் உண்டு. கனவு கண்டது ராமநாதபுரம்; புது வாய்க்கால் முதலில் போனதோ மதுரை, மேலூர் வயல்களுக்கு.

இரண்டாவது, காகிதம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை கையெழுத்தானது. 999 வருடம். 8000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். அதுவும் திருவிதாங்கூர் கட்டவேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்படும். நீர், மரம், மீன், போக்குவரத்து உரிமை எல்லாம் அந்தப் பிரதியில் பேசப்படுகின்றன. அந்தக் காட்டில் புழங்கிய மன்னான், பளியர் போன்ற மக்கள் பேசப்படவில்லை. யாருமற்ற நிலம் என்கிற பாவனையின் மேல்தான் ஏக்கர் கணக்கு நிற்க முடியும். 1970இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது, மின்சாரத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஜனநாயக அரசுகள் இரண்டு உட்கார்ந்து திருத்தின அந்தக் காகிதத்திலும் பேரம் அரசுக்கும் அரசுக்கும் நடுவில்தான்.

மூன்றாவது கணக்குதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வேலை 1887இல் தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்துக் கட்டிய 155 அடிச் சுவர். அதன் வேலை தண்ணீரைத் தேக்குவது மட்டுமல்ல, மலைமுகட்டைக் குடைந்த சுரங்கத்தின் மட்டத்துக்கு ஆற்றை உயர்த்துவதும்தான். சுமார் 104 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் இந்தப் பக்கம் வரவே வராது. அதற்கு மேலே நிற்கும் ஒவ்வொரு அடிக்கும் இன்றுவரை நடக்கும் சண்டையின் பொருள் இதுதான். ஒரு மைலுக்கும் கூடுதலான சுரங்கம், பாறையில், வெடி வைத்து. குருவனூத்திலிருந்து கம்பிவடத்தில் சாமான்கள் மேலே ஏறின. மதராஸ் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளங்களும் கீழேயிருந்து போன கூலிகளும் வேலை செய்தார்கள். ஆற்றுக்குள் போட்ட தற்காலிகக் கட்டுகளை வெள்ளம் திரும்பத் திரும்பக் கொண்டுபோனது. கோடையில் காய்ச்சல் தாங்காமல் ஆண்டுதோறும் வேலையை நிறுத்தினார்கள்.

வேலைக்காலம் முழுதும் நோயில் செத்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்கிறது பதிவு. மலையிலே செத்தவர்கள் மட்டுமே இதில் அடக்கம். காய்ச்சலோடு இறங்கி வந்து கூடலூரிலோ கம்பத்திலோ தன் வீட்டுத் திண்ணையில் செத்தவன் இந்தக் கணக்கில் வர வழியில்லை. 1899இல் மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு இருக்கிறது. பொறியியல் நூல் என்ற வகையில் நேர்மையான நூல். அந்த வகை நூலுக்குக் கூலி என்பவன் தட்டுப்பாடாகவும் செலவாகவும் மட்டுமே தெரிவான். அது காலனியத்தின் பார்வை, புரிகிறது. நம்ம ஆட்களுக்கு என்ன வந்தது? உழைப்பைப் பற்றி மேடை மேடையாய்ப் பேசியவர்களும் மாலையோடு போய் நிற்பது அந்த ஒற்றைச் சிலைக்கு முன்னால்தானே.

தண்ணீர் போன திசையையும் பார்க்க வேண்டும். பாசனம் வந்தால் கள்ளர்கள் ‘திருந்தி’ விவசாயிகளாவார்கள் என்பது அதிகாரிகளின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. மேலூர்ப் பக்கம் வாய்க்கால் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களின் மேட்டுநிலத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. அணை திறந்து 25 ஆண்டுகூட ஆகவில்லை. அந்த மண்ணுக்கான 58 கிராமக் கால்வாய்க்கு, சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மறியலும் மனுவுமாகக் காத்திருந்தார்கள். தண்ணீரைக் கொடுத்தவர் தெய்வம் என்றால் கொடுக்காமல் விட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1979இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006இலும் 2014இலும் உச்சநீதிமன்றம் 142 அடி என்றது. இடையில் 2011 டிசம்பர். நூறாண்டு கடந்த சுவருக்குக் கீழே வாழ்கிறவனின் பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து மேடைகள் அதைப் பொய் என்றே சொல்லிப் பழகிவிட்டன. அந்த மாதம் கேரள சட்டமன்றம் 120 அடி என்று தீர்மானம் போட்டது. தேனி மாவட்டத்து ஜனம் குமுளியை நோக்கித் திரண்டது. இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அங்கே இடுக்கி ஏலத்தோட்டங்களில் தினக்கூலிக்குப் போன தமிழ்ப் பெண்கள் அடிபட்டும் மிரண்டும், மூட்டையோடு காட்டுப் பாதையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்தார்கள்.