காற்றுக்கும் ஒரு பேரேடு

கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகிற நம்ம ஆட்கள் வாளையாறு தாண்டியதும் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1990களின் நடுவில் கேரள மின்வாரியம் நட்டது. ஒன்று 225 கிலோவாட், மொத்தம் 9.

அந்த நாட்களில் காற்றாலை வாங்கிய தனியார் பலர் பார்த்தது காற்றை அல்ல, வருமான வரியை. முதல் வருடமே 100 சதவீதத் தேய்மானம்! (பி.காம். புத்தி, எனக்கு இதுதான் முதலில் கண்ணில் படும்.) 2017 முதல் அது 40 சதவீதம்தான். இப்போது காற்று ஒழுங்காக வீசினால்தான் கடன் அடையும்.

ஆனால் ஒரு காற்றாலைக்குப் பின்னால் இன்னொன்று நின்றால்? முன்னால் சுழலும் இறக்கை காற்றின் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கலக்கிப் பின்னால் தள்ளுகிறது. டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலையில், காற்று வரிசைக்கு நேராக வீசும்போது இரண்டாவதன் உற்பத்தி 40 சதவீதம் வரை குறைந்ததாம்.

இதைக் கணக்கிடும் சமன்பாடுகளை நவியேயும் ஸ்டோக்ஸும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். போட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. வானிலையைக் கணக்கிட ஒரு பெரிய அரங்கில் 64,000 பேரை உட்கார வைக்கலாம் என்று 1922ல் ரிச்சர்ட்சன் கனவு கண்டார். எங்கள் வங்கியில் வருடக் கடைசியில் உட்காருவது போல!

கம்ப்யூட்டர் வந்தபின் வழி பிறந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பால்டிங்கும், பம்பாய் ஐஐடியில் படித்துவிட்டு அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சுஹாஸ் பதங்கரும் 1972ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். காற்றைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரி. ஒரு பெட்டியிலிருந்து போனது பக்கத்துப் பெட்டியில் வரவாக வேண்டும். அட, நம்ம இரட்டைப் பதிவுக் கணக்கு!

சிக்கல் சுழல்களில். பெரிய சுழலுக்குள் சின்னது, அதற்குள் இன்னும் சின்னது. எல்லாவற்றையும் பதிந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால் டீச்செலவைச் சில்லறைச் செலவு என்று ஒரே தொகையாக எழுதுகிற மாதிரி, சின்னச் சுழல்களை மொத்தமாக மதிப்பிட்டுவிடுகிறார்கள். ஏமாற்று இல்லை, ஆனாலும் மதிப்பீடு மதிப்பீடுதான்.

இறக்கை வேறு ஓயாமல் சுற்றுகிறதே? 2002ல் டென்மார்க்கின் சோரன்சனும் ஷென்னும் இறக்கையின் உருவத்தையே எடுத்துவிட்டு, பெட்டிகளுக்குள் சுற்றிவரும் விசைக் கோடாக அதை வைத்தார்கள். கணக்கு வெகுவாகக் குறைந்தது.

இடுக்கி எல்லையில், கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேடு போன்ற இடங்களில் இதுவும் லேசில்லை. மலை சட்டென்று இறங்குகிறது, காற்று தரையை விட்டு விலகிச் சுழல்கிறது. சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது.

ஊர்ப்பக்கம் காற்றாலையில் பணம் போடலாமா என்று இங்குள்ள நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். போடுங்கள். ஆனால் திட்ட அறிக்கையில் பின்வரிசை இழப்பு எத்தனை சதவீதம், எந்த முறையில் போட்டது என்று கேளுங்கள். காற்று வரும் பக்கத்து நிலம் யார் கையில் இருக்கிறது என்பதையும்.